கணக்கிலிருந்து களவு போன பணம்: அங்கத்தினர் அறிய வேண்டிய முறைகள்

நெசவாளர் சங்கங்களிலும் வேளாண்மைச் சங்கங்களிலும் கூலியும் விளைபொருள் விலையும் ரொக்கமாகக் கைமாறிய வழக்கம் குறைந்து வருகிறது. அங்கத்தினருக்குச் சேர வேண்டிய தொகை அவருடைய வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. அவரும் கைபேசியின் வாயிலாகவே உரத்துக்கும் மளிகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பணம் செலுத்துகிறார். 2016 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற யு.பி.ஐ. என்னும் பணப் பரிமாற்ற முறை இதனை எளிதாக்கியது. வங்கிக்குச் சென்று காத்திருக்கும் பொழுது மிச்சமாகிறது என்பது மறுக்க முடியாத நன்மையே. ஆயினும், பெட்டியிலுள்ள பணத்தைத் திருடக் கள்வன் வீட்டுக்குள் நுழைய வேண்டும். கைபேசி வழியே திருட அவன் ஊருக்குள் வரவும் வேண்டியதில்லை.

ஏமாறாமல் இருப்பது எப்படி என்று பலரும் பல இடங்களிலும் கூறி வருகின்றனர். ஏமாந்த பின் செய்ய வேண்டியது யாது என்பதைச் சொல்வோர் குறைவு. ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் நாம் காண்பது ஒன்றுண்டு. பணத்தை இழந்தவர் வெட்கத்தினால் அதனை வீட்டாரிடமும் மறைக்கிறார்; சில நாட்கள் கழித்தே வங்கிக்குச் செல்கிறார். அந்தச் சில நாட்களே அவருடைய உரிமையைக் குறைத்துவிடுகின்றன. எனவே இப்பாடம் அந்தப் பகுதியையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

1. தவறிய பரிமாற்றமும் களவுப் பரிமாற்றமும்

கணக்கில் பணம் குறைந்திருப்பதைக் கண்டவுடன் அது எவ்வகையைச் சேர்ந்தது என்று தெளிதல் வேண்டும். நாமே பணம் அனுப்பினோம். நம் கணக்கில் பற்று விழுந்தது. எதிரிலிருப்பவருக்குப் போய்ச் சேரவில்லை. இது தவறிய பரிமாற்றம், களவன்று. இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு விதித்தது. ஒருவர் மற்றொருவருக்கு யு.பி.ஐ. வழியே அனுப்பிய தொகை சேராவிடில், மறுநாளுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும். கடைக்காரருக்குச் செலுத்திய தொகையாயின் ஐந்து நாட்களுக்குள் திரும்ப வேண்டும். கெடு கடந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடாகத் தரப்பட வேண்டும் என்பதும் அவ்விதியின் பகுதி.

நாம் அறியாமலோ, வஞ்சகத்துக்கு ஆளாகியோ பணம் போயிருப்பின் அது களவுப் பரிமாற்றம். இது தானாகத் திரும்பி வராது. நாம் முறையிட்டால்தான் எதுவும் நடைபெறும்.

2. களவு நடைபெறும் வழிகள்

ஆறிலக்கமோ நான்கிலக்கமோ கொண்ட இரகசிய எண்ணாகிய 'பின்', காசோலையில் இடும் கையொப்பத்துக்கு ஒப்பானது. பணம் கொடுப்பவர்தாம் கையொப்பமிடுகிறார், பெறுபவர் இடுவதில்லை. அதுபோலவே கியூ.ஆர். குறியைக் கைபேசியால் படிப்பதும் பணம் செலுத்துவதற்கே. "உங்களுக்கு மானியம் வந்திருக்கிறது, இந்தக் குறியைப் படித்துப் பின் எண்ணை இடுங்கள்" என்று ஒருவன் கூறினால், அவன் நம்மிடம் காசோலையில் கையொப்பம் கேட்கிறான் என்றே கொள்ள வேண்டும். தனியார் ஒருவர் மற்றொருவரிடம் யு.பி.ஐ. வழியே பணம் கோரி விண்ணப்பம் அனுப்பும் வசதி 2025 அக்டோபர் முதல் நாளோடு நிறுத்தப்பட்டது. ஆனால் குறியை அனுப்பி ஏமாற்றும் வழி அடைபடவில்லை.

வேறு வழிகளும் உள. வங்கி அலுவலர் போலப் பேசி ஓ.டி.பி. என்னும் ஒருமுறை எண்ணைக் கேட்டுப் பெறுதல் ஒன்று. நம் கைபேசித் திரையைத் தொலைவிலிருந்தே காணும் செயலியை நிறுவச் செய்தல் மற்றொன்று. அரசுத் திட்டத்தின் பெயரால் வாட்ஸ்அப்பில் கோப்பு அனுப்பி, அதைத் திறந்தவுடன் நம் குறுஞ்செய்திகளைக் களவாடுதல் பிறிதொன்று. நம் எண்ணுக்கே வேறு சிம் அட்டை பெற்றுவிடுதலும் உண்டு. அப்போது காரணமின்றி நம் கைபேசியில் தொடர்பு அற்றுப்போகும். இந்த அடையாளத்தை எல்லோரும் நினைவில் கொள்ள வேண்டும்.

3. முதல் ஒரு மணி நேரம்

பாவு இழை அறுந்தவுடன் நெசவாளர் தறியை நிறுத்தி இழையைப் பிணைக்கிறார். கவனியாது மேலே நெய்தால் குறை துணி நெடுகிலும் ஓடிவிடும். வரப்பு உடைந்த இடத்தில் விவசாயி மண்வெட்டியோடு முதலில் ஓடுவதும் இது பற்றியே. கணக்கில் களவு நேர்ந்தபோதும் செய்யத்தக்கது இதுவே.

முதலாவது, வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கின் மின்வழிப் பரிமாற்றங்களை நிறுத்தச் செய்ய வேண்டும். முறையீட்டை இரவும் பகலும் ஏற்பதற்கு வழி வைத்திருக்க வேண்டும் என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி இட்ட கட்டளை. பாஸ் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்டுள்ள எண்ணையே பயன்படுத்துக. இணையத்தில் தேடிக் கிடைக்கும் எண்கள் பல, கள்வர்களே இட்டு வைத்தவை. அழைத்தபின் முறையீட்டு எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்க.

இரண்டாவது, 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். சைபர் குற்றங்களுக்கான தேசிய இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். இங்கு வரும் புகார், காவல் துறைக்கும் பணம் சென்ற வங்கிக்கும் விரைந்து சேரும்படி ஏற்பாடு உள்ளது. கள்வன் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்றிக்கொண்டே செல்வான். அவன் எடுத்துவிடுமுன் வங்கி அதனை நிறுத்தி வைக்குமாயின், பின்னர் உரிய உத்தரவின்மேல் அது உடையவருக்குத் திரும்பக்கூடும். எடுத்துவிட்டாலோ தடுத்து நிறுத்த எதுவும் இராது.

மூன்றாவது, கிளை திறந்தவுடன் எழுத்து மூலம் முறையிட்டு, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். கணக்கு எண், தொகை, நாள், நேரம், பரிமாற்றத்துக்குரிய பன்னிரண்டு இலக்கக் குறிப்பு எண், முறையீட்டு எண் ஆகியன அதில் இருத்தல் வேண்டும்.

நான்காவது, வந்த செய்திகளையும் அழைப்புப் பட்டியலையும் அழிக்கலாகாது. அவையே சான்று. கைபேசியில் ஐயத்துக்குரிய செயலி இருப்பின், அதன் இணையத் தொடர்பைத் துண்டித்து, வேறொரு கைபேசியிலிருந்து முறையிடுக.

4. இழப்பு யாரைச் சாரும்?

இது பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வணிக வங்கிகளுக்கும், அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் விதிகளை வகுத்தது. அவ்விதிகள் இழப்பை மூவகையாகப் பிரித்தன.

முதல் வகை, வங்கியின் குறையால் நேர்ந்தது. இதில் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. அவர் தெரிவித்தாரா என்பதும் பார்க்கப்படுவதில்லை.

இரண்டாம் வகை, வங்கியின் குறையுமின்றி, வாடிக்கையாளரின் குறையுமின்றி, மூன்றாமவரால் நேர்ந்தது. வங்கியின் செய்தி கிடைத்தபின் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் ஓரெல்லை வரை அவர் தாங்க வேண்டும். அவ்வெல்லை அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய். ஏனைய சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய். போன தொகை அதனினும் குறைவாயின், அத்தொகை மட்டுமே. ஏழு நாட்களைக் கடந்தால் அந்தந்த வங்கியின் நிர்வாகக் குழு வகுத்த கொள்கைப்படி முடிவாகும்.

உதாரணமாக, சாதாரணச் சேமிப்புக் கணக்கு ஒன்றிலிருந்து இவ்வாறு 18,000 ரூபாய் போயிற்று என்போம். இரண்டாம் நாள் தெரிவித்தவருக்கு முழுத் தொகையும் கிடைக்கும். ஐந்தாம் நாள் தெரிவித்தவருக்கு 8,000 ரூபாய்தான் கிடைக்கும். மூன்று நாள் தயக்கத்தின் விலை 10,000 ரூபாய்.

நாட்களை எண்ணும்போது செய்தி வந்த நாளை விட்டுவிட வேண்டும். கணக்குள்ள கிளையின் வேலை நாட்களையே எண்ண வேண்டும். வெள்ளிக்கிழமை செய்தி வந்து, மறுநாள் இரண்டாம் சனிக்கிழமையாக இருந்தால், திங்கள் முதல் நாள்; புதன் மூன்றாம் நாள். ஆயினும் இந்த எண்ணிக்கை உரிமையைக் காப்பதற்கே உதவும். பணத்தைத் துரத்திப் பிடிக்க உதவாது. கள்வனுக்கு விடுமுறை இல்லை.

மூன்றாம் வகை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்தது. பின் எண்ணையோ ஒருமுறை எண்ணையோ பிறரிடம் சொன்னவர் இவ்வகையினர். வஞ்சகனின் பேச்சை நம்பித் தாமே பின் எண்ணை இட்டவரையும் வங்கி பெரும்பாலும் இதில்தான் சேர்க்கும். தெரிவிக்கும் வரையில் ஏற்பட்ட இழப்பு முழுவதும் அவரையே சாரும்.

"குற்றம் என்னுடையது, இனிச் சொல்லி என்ன பயன்?" என்று எண்ணி வாளாவிருப்பவர் இவ்வகையினரே. விதியின் அடுத்த பகுதியை அவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும்: வங்கிக்குத் தெரிவித்தபின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். காலை பத்து மணிக்கு ஒருவர் ஒருமுறை எண்ணைச் சொல்லி 12,000 ரூபாயை இழந்தார். பத்தரை மணிக்கு வங்கிக்குத் தெரிவித்துவிட்டார். பதினொரு மணிக்கு மேலும் 20,000 ரூபாய் போயிற்று. பின்னது வங்கியின் பொறுப்பு. அவர் மௌனமாக இருந்திருந்தால் 32,000 ரூபாயும் அவர் தலையில் விழுந்திருக்கும். ஆகவே, தவறு தம்முடையதே என்று அறிந்தவர்தாம் எல்லோரினும் விரைந்து சொல்ல வேண்டியவர்.

5. வங்கியின் கடமையும் மேல்முறையீடும்

முதல் இரு வகைகளில், தெரிவித்த நாளிலிருந்து பத்து வேலை நாட்களுக்குள் சர்ச்சைக்குரிய தொகையை வங்கி தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். தொண்ணூறு நாட்களுக்குள் முறையீட்டை முடிக்க வேண்டும். குற்றம் வாடிக்கையாளருடையதே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் வங்கியுடையதே. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், நடப்பிலுள்ள கொள்கையின் நகலைக் கிளையில் கேட்டுப் பெறுக.

முப்பது நாட்களுக்குள் வங்கி விடை தராவிடினும், தந்த விடை நிறைவளிக்காவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். மாநிலக் கூட்டுறவு வங்கிகளும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் 2025 நவம்பர் முதல் நாள் தொட்டு அத்திட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. நம் அங்கத்தினர் பலருக்கும் கணக்குகள் அவ்வங்கிகளிலேயே இருப்பதால் இது முக்கியமான செய்தி.

இடையில் இரண்டாவது கள்வன் ஒருவன் தோன்றுவதுண்டு. "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் செலுத்துக" என்பான். காவல் துறையோ வங்கியோ குறைதீர்ப்பாளரோ இதற்குப் பணம் கேட்பதில்லை.

6. சங்கத்தின் கடமை

கூலி வரவு வைக்கும் நாளில் ஒவ்வோர் அங்கத்தினரின் கைபேசி எண்ணும் வங்கியில் சரியாகப் பதிவாகியுள்ளதா என்று செயலாளர் விசாரிக்கலாம். எண் மாறியிருப்பின் செய்தி வாராது. செய்தி வாராவிடில் களவு தெரியாது. 1930 என்ற எண்ணையும் அப்பகுதி வங்கியின் அவசர எண்ணையும் சங்க அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். முறையீட்டுக் கடிதத்தின் மாதிரியைத் தயாராக வைத்து, எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கலாம்.

இவை அனைத்தினும் மேலானது ஒன்றுண்டு. ஏமாந்து வந்தவரை நகைக்கலாகாது. நகைப்புக்கு அஞ்சியே அவர் மறைக்கிறார், மறைப்பதனாலேயே இழக்கிறார். ஒருவர் இழப்பை மற்றவர் தம் இழப்பாகக் கருதுவதே கூட்டுறவு. ஓர் அங்கத்தினர் தமக்கு நேர்ந்ததைத் துணிந்து கூட்டத்தில் கூறினால், அதைக் கேட்ட பத்துப் பேர் காக்கப்படுவர்.

கல்வி வட்டத்துக்கான வினாக்கள்

1. தவறிய பரிமாற்றத்துக்கும் களவுப் பரிமாற்றத்துக்கும் வேறுபாடு யாது?

2. அடிப்படைச் சேமிப்புக் கணக்கிலிருந்து மூன்றாமவரால் 7,000 ரூபாய் போயிற்று. ஆறாம் வேலை நாளில் தெரிவித்தவர் எவ்வளவு தாங்க வேண்டும்? வங்கி எவ்வளவு தர வேண்டும்?

3. பின் எண்ணைப் பிறருக்குச் சொல்லிவிட்டவரும் உடனே வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஏன்?

4. உங்கள் சங்கத்தில் எத்தனை அங்கத்தினருக்குத் தம் வங்கியின் அவசர எண் தெரியும்? அடுத்த கூட்டத்தில் கேட்டறிக.