முகமூடிக் கண்ணாடியில் ஒட்டிய வில்லைகளை மீட்டல்

முகமூடியின்றி நீரில் மூழ்கிக் கண்ணைத் திறப்பவனுக்கு எல்லாம் மங்கலாகத் தோன்றுவதற்குக் காரணம் நீரின் கலங்கல் அன்று. கண்ணின் ஒளிக்குவிப்புத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர் ஆகும். இதில் சுமார் 43 டயாப்டர் விழிவெண்படலத்தினால், அதிலும் பெரும்பாலும் அதன் முன்பரப்பினால் விளைவது. விழிவெண்படலத்தின் ஒளிவிலகல் எண் 1.376, நீரினுடையதோ 1.333. இவை ஏறக்குறைய ஒத்திருப்பதால், நீர் கண்ணைத் தொட்டவுடன் அத்திறனில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. முகமூடி கண்ணுக்கு முன்னே காற்றை மீண்டும் நிறுத்தி வைக்கிறது; பார்வையைப் பொறுத்தவரை அதன் பணி அவ்வளவே.

ஆயினும் கிட்டப்பார்வையோ வெள்ளெழுத்தோ உடையவனுக்கு இது போதாது. மூக்குக்கண்ணாடியை உள்ளே அணிந்தால், அதன் காதுக்கொம்புகள் முகமூடியின் விளிம்பு முகத்தோடு பொருந்துவதைத் தடுத்து நீரை உட்புகவிடும். வெள்ளெழுத்து உடையவன் அழுத்தமானியைப் படிக்க இயலாவிடில், உருளையில் எஞ்சியுள்ள காற்றின் அளவை அறியான். கடுமையான கிட்டப்பார்வை உடையவனுக்கோ சற்றுத் தள்ளி நிற்கும் துணைவனின் கைச்சைகை புலப்படாது. ஆகவேதான் முகப்புக் கண்ணாடியின் உட்புறத்தில் வில்லைகளை ஒட்டிக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது.

இவ்வில்லைகளின் முன்பரப்பு தட்டையானது. திறன் முழுவதும் காற்றை நோக்கிய பின்பரப்பில் அமைந்துள்ளது. முன்பரப்பு வளைந்திருந்தால் தட்டைக் கண்ணாடியோடு படிந்து ஒட்டாது. நீரைத் தொடும் முகப்பும் தட்டையாக இருப்பதால், வில்லையின் திறன் கரையிலும் நீரிலும் மாறுவதில்லை. பொருள்கள் உண்மைத் தொலைவில் முக்கால் பங்கிலேயே இருப்பனபோல் தோன்றுவது தட்டை முகப்பின் விளைவு. அதற்கும் வில்லைக்கும் தொடர்பில்லை.

முகமூடியின் ரப்பர் விளிம்பு நாளடைவில் இறுகி வெடித்துப்போகும். வில்லைகளோ கீறல் படாதிருந்தால் பல்லாண்டு நிலைக்கும். அவற்றைப் பெயர்த்து வேறொரு முகமூடியில் பொருத்த விரும்புவது இயல்பே.

பெயர்ப்பதற்கு முன் அறிய வேண்டியவை இரண்டு: வில்லை எப்பொருளால் ஆனது, பசை எவ்வகையைச் சேர்ந்தது என்பன. பழைய ஒளிக்கருவிகளில் வில்லைகளை இணைத்த கானடா பால்சம் மிதமான சூட்டிலேயே இளகும். இன்று வழங்கும் எபாக்சிப் பசையும், புறஊதா ஒளியால் இறுகும் அக்ரிலிக் பசையும் அவ்வாறு எளிதில் விடுவன அல்ல. கரைப்பானில் ஊறி உப்பி வலுக் குறையுமேயன்றிக் கரையமாட்டா. அறை வெப்பநிலையில் இறுகிய எபாக்சி பெரும்பாலும் கொதிநீரின் சூட்டை எட்டுமுன்பே இளகத் தொடங்கும். எனவே முகப்பைச் சட்டத்தினின்று கழற்றி, வெதுவெதுப்பான நீரிலிட்டு, நீரின் சூட்டைச் சிறிது சிறிதாக உயர்த்துவதே முதல் முயற்சியாக இருத்தல் நலம். வில்லை பிளாஸ்டிக்கால் ஆனதாயின் இம்முறைக்கு ஓர் அனுகூலம் உண்டு. சூட்டில் பிளாஸ்டிக் கண்ணாடியைவிடப் பன்மடங்கு விரிவதால், அவ்வேறுபாடே ஒட்டின் ஓரங்களை நெகிழச் செய்யும். இரண்டும் கண்ணாடியாயின் இப்பயன் இல்லை.

ஓரம் நெகிழ்ந்ததும் மெல்லிய நைலான் இழையை இடையே செலுத்தி, வாள்போல் முன்னும் பின்னும் இழுக்கலாம். எஃகுக் கத்தியை நுழைப்பது தவறு. முகப்பு வன்மையூட்டிய கண்ணாடியாகும். அதாவது சுமார் 620 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கிக் காற்றால் விரைந்து குளிர்விக்கப்பட்டு, பரப்பில் அமுக்கமும் உள்ளே இழுவிசையும் நிலைத்திருப்பது. கத்தி முனை உள்ளடுக்கை எட்டினால் முழுக் கண்ணாடியும் ஒருங்கே சிறு துண்டுகளாக நொறுங்கும். அசிட்டோனில் ஊறவைப்பவர் அது மிக எளிதில் தீப்பற்றுவது என்பதை மறத்தலாகாது. சூடேற்றுதலும் அசிட்டோனும் ஒருபோதும் சேரக்கூடாதவை. பாலிகார்பனேட் வில்லையை அது கெடுத்துவிடும். பசையை விரைந்து பிரிக்கும் மெத்திலீன் குளோரைடு நச்சுடையது. வீட்டில் கையாளத் தக்கதன்று.

மீட்ட வில்லை புதிய முகமூடிக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. மைனஸ் 6 டயாப்டர் மூக்குக்கண்ணாடி விழியினின்று 12 மில்லிமீட்டரில் அமர்கிறது எனக் கொள்வோம். முகமூடியில் வில்லை 25 மில்லிமீட்டர் தள்ளி நின்றால், அதே பயனைப் பெற ஏறக்குறைய மைனஸ் 6.5 டயாப்டர் தேவை. ஆகவே ஆழமான முகமூடிக்கென அளவிட்ட வில்லை ஆழம் குறைந்ததில் மிகையாகும். இருகண் பாவைகளுக்கிடையே உள்ள தூரமும் கணக்கிற்குரியது. 4 டயாப்டர் வில்லையின் ஒளி மையம் 3 மில்லிமீட்டர் விலகினால் 1.2 முப்பட்டக டயாப்டர் அளவு ஒளி திரும்பும். இவ்விலகல் ஒரு கண்ணுக்கு மேலாகவும் மற்றதற்குக் கீழாகவும் நேர்ந்தால் தலைவலி உறுதி. உருளைத் திறனுள்ள வில்லையில் அச்சு 10 பாகை பிறழ்ந்தால் அத்திறனில் மூன்றிலொரு பங்கு திருத்தப்படாமல் எஞ்சும். 30 பாகை பிறழ்ந்தால் வில்லையால் பயனே இல்லை. வில்லைகள் மூக்கின் வளைவுக்கேற்ப வெட்டப்பட்டிருப்பதால் இடத்தை வலமாக மாற்றவும் இயலாது. எனவே பெயர்க்குமுன் அச்சையும் மையத்தையும் முகப்பின் வெளிப்புறத்தில் மையால் குறித்து அளந்துகொள்ளல் வேண்டும்.

மறுபடி ஒட்டும்போது குமிழி நுழைந்தால் திறன் மாறிவிடும் எனச் சிலர் அஞ்சுவர். இருபுறமும் தட்டைப் பரப்புகளாதலால் அவ்வாறு நேராது. ஆனால் கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு ஒளி திரும்புவதால் அவ்விடம் பளபளத்துக் கண்ணை உறுத்தும். ஓரத்தை எட்டும் குமிழியில் உப்பு நீர் ஏறி ஒட்டை விடுவிக்கும். ஒட்டிய முகமூடியை அணிந்து, முதலில் கரையில் தொலைவிலுள்ள நேர்கோடு ஒன்றையும், பின்னர் இடுப்பளவு நீரில் அழுத்தமானியின் எண்களையும் படித்துப் பார்க்க வேண்டும்.