வெள்ளி ரூபாய்க்கு விலை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: எங்கள் தாத்தாவின் இரும்புப் பெட்டியில் முப்பது வெள்ளி ரூபாய்கள் கிடைத்தன. 1862, 1911, 1918 என்று பல ஆண்டுகள். ஒன்றில் 1939 என்று இருக்கிறது. நகைக்கடையில் எடை போட்டு வெள்ளி விலைதான் தருவோம் என்கிறார்கள். யூடியூபில் பார்த்தால் ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் போகும் என்கிறார்கள். யாரை நம்புவது? எல்லாமே கறுத்துப் போயிருக்கின்றன. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்றால் கூடுதல் விலை கிடைக்குமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: முதல் வேலையாகப் புளியை எடுத்து ஓரம் வையுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நகைக்கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப்பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயை நிர்ணயித்தபோது அதன் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1939 வரை அந்த அளவு மாறவில்லை. ஆகவே உங்களிடமுள்ள ஒவ்வொரு ரூபாயிலும், தேய்மானம் போக, ஏறக்குறைய பத்தரை கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. நகைக்கடைக்காரர் சொல்லும் விலை அதற்கானது. எந்த நாணயமும் அதற்குக் கீழே இறங்காது. அதற்கு மேல் ஒரு சேகரிப்பாளர் எதற்காகக் கூடுதல் பணம் தருகிறார் என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர். பழமைக்காக என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியானால் இந்தியாவின் மிகப் பழைய நாணயங்களான முத்திரைக் காசுகளுக்குத்தான் உச்ச விலை இருக்க வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தச் சிறு வெள்ளித் துண்டுகள் ஆயிரக்கணக்கில் புதையல்களாகக் கிடைத்திருப்பதால், சாதாரண வகைகளைக் கல்லூரி மாணவர்கூட வாங்கிவிடலாம். உங்கள் 1939 ரூபாய் அசலாக இருந்தால், நூறு ஆண்டுகூட ஆகாத அது அவற்றைவிடப் பல மடங்கு விலை போகும்.

சரி, பழமை இல்லையென்றால் குறைவாக அச்சிட்டதுதானே காரணம் என்று அடுத்த கேள்வி எழும். அதுவும் பாதி உண்மைதான். உங்களிடமே இருக்கும் இரண்டு நாணயங்களைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். 1911-இல் வெளிவந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியில் தொங்கும் பதக்கச் சங்கிலியில் ஒரு யானை உண்டு. தும்பிக்கை சிறுத்துப்போனதால் அது பன்றிபோலத் தெரிகிறது என்று முஸ்லிம்களிடையே எதிர்ப்பு கிளம்பியது. அச்சான ஏறத்தாழ 94 லட்சத்தில் 7 லட்சம்தான் புழக்கத்துக்குப் போயிருந்தது; மீதியை அரசு உருக்கிவிட்டு, 1912-இல் யானையைத் திருத்தி வெளியிட்டது. 1939 ரூபாயோ இருபது லட்சத்துக்கும் மேல் அச்சானது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 1911-தான் அரிதாக இருக்க வேண்டும். சந்தையில் நிலைமை நேர்மாறு. 1911-இன் கதை அப்போதே ஊரெல்லாம் பரவிவிட்டதால் கையில் கிடைத்தவர்கள் எடுத்து வைத்தார்கள். இன்றும் நல்ல நிலையில் அது தேடினால் கிடைக்கிறது. 1939-க்கு அப்படி ஒரு கதையும் இல்லை. போர் தொடங்கியதும் மக்கள் வெள்ளியைப் பதுக்கினார்கள், 1940-இல் அரசு ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது, 1941 முதல் 1943 வரை பழைய தர ரூபாய்களைப் படிப்படியாகச் செல்லாததாக்கித் திரும்ப வாங்கி உருக்கியது. சேகரிப்புக்கென்று யாரும் எடுத்து வைக்க நினைக்காத நேரத்தில் வந்த 1939-இன் பெரும்பகுதி உருக்காலைக்குப் போய்விட்டது. அக்கசாலையிலிருந்து எத்தனை வெளியே வந்தது என்பதை விட, உருக்குக் கலத்துக்குத் தப்பி எத்தனை மிஞ்சியது என்பதே கணக்கு. கூடவே, மிஞ்சியதைத் தேடுபவர்களும் இருக்க வேண்டும். ஆண்டுவாரியாக ஆல்பம் நிரப்புகிறவர்களுக்குத் தரமான வெள்ளி ரூபாய் வரிசையின் கடைசிக் கட்டம் 1939. அத்தனை பேரும் அந்த ஒரு கட்டத்தைத்தான் தேடுகிறார்கள்.

1918-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரில் இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்கா பிட்மன் சட்டத்தின்கீழ் கோடிக்கணக்கான வெள்ளி டாலர்களை உருக்கி அந்த வெள்ளியை இங்கே விற்றது. அந்த ஆண்டு கல்கத்தாவும் பம்பாயும் சேர்ந்து 40 கோடிக்கும் மேல் ரூபாய் அச்சிட்டன. தேய்ந்த 1918-க்கு எடை விலைக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அதே 1918, அச்சிலிருந்து வந்த நாளின் மினுக்கோடு ஒரு கீறலும் படாமல் இருந்தால், விலை சில மடங்கு ஏறும். இதற்கும் காரணம் அதே கணக்குதான்: 40 கோடி பிறந்தன, ஆனால் கை படாமல் மிஞ்சியவை கொஞ்சம். 1862-இல் இன்னொரு நுணுக்கம் உண்டு. அந்த ஆண்டு எண்ணை மாற்றாமலே 1870-களின் தொடக்கம் வரை அச்சிட்டார்கள். பின்புறத்தில் உள்ள சிறு புள்ளிகளும் உருவத்தின் சிறு வேறுபாடுகளும் தான் அவற்றைப் பிரித்துக் காட்டும். ஆகவே '1862' என்று படித்துவிட்டு விலை சொல்பவரை நம்பாதீர்கள்.

இப்போது புளிக்கு வருவோம். வெள்ளியின் மேல் படிந்திருக்கும் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டான மெல்லிய படலம். அச்சு விழும்போது உலோகம் நகர்ந்து உண்டாகும் மிக நுண்ணிய கோடுகள்தான் புது நாணயத்தின் மினுக்கு. சாய்த்துப் பார்த்தால் ஒளி சக்கரம்போலச் சுழல்வது அதனால்தான். புளியும் சாம்பலும் பற்பசையும் கறுப்போடு அந்தக் கோடுகளையும் அரித்து எடுத்துவிடும். மிஞ்சுவது லென்சில் பார்த்தால் தெரியும் தேய்ப்புக் கீறல்களும் செத்த வெண்மையும்தான். பளபளப்பு நல்லதுதானே என்றால், பாத்திரத்துக்கு நல்லது. நாணயத்தில், மாற்றம் அடையாமல் மிஞ்சியதற்குத்தான் பணம் தருகிறார்கள். தேய்த்துவிட்டால் அந்தத் தகுதியே போய்விடும். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த தழும்பும், துளையிட்டு அடைத்த இடமும் இதே காரணத்தால் விலையைச் சரிக்கின்றன.

'நிலை' என்பது ஆளுக்கு ஆள் மாறும் அபிப்பிராயம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1949-இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்த 70 புள்ளி அளவுகோலைத்தான் இன்று உலகம் முழுதும் தர நிர்ணய நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. இரண்டு நிபுணர்கள் ஓரிரு புள்ளி வேறுபடுவது உண்டு; அரிய நாணயத்தில் அந்த ஓரிரு புள்ளியே பெரும் பணம். ஆனாலும் தேய்த்ததா, தேய்க்காததா என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு அபூர்வம். யூடியூப் லட்சங்களைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும்: விற்பவர் கேட்கும் தொகை விலை ஆகாது. ஏலத்தில் உண்மையாக முடிந்த தொகையைப் பாருங்கள். ராமர் பட்டாபிஷேகம் பொறித்து '1818 கிழக்கிந்தியக் கம்பெனி' என்று போட்டு விற்கும் காசுகள் எல்லாமே பிற்காலத்தில் செய்தவை. கம்பெனி அப்படி எதையும் வெளியிடவில்லை.

உங்கள் முப்பதில் 1939-ஐ மட்டும் விரலால் முகத்தைத் தொடாமல், விளிம்பைப் பிடித்து எடுத்து, பிவிசி இல்லாத உறையில் வையுங்கள். வேறு ஆண்டின் கடைசி இலக்கத்தைத் திருத்திய போலிகள் நிறைய உலவுவதால், எடையும் எழுத்தின் வடிவமும் தெரிந்தவரிடம் காட்டி, அசல் என்று தெரிந்தால் தர நிர்ணயத்துக்கு அனுப்பலாம். 1862-களைப் புள்ளி பார்த்துப் பிரியுங்கள். தேய்ந்த 1918-களுக்குத் தர நிர்ணயக் கட்டணமே நாணயத்தின் விலையைத் தாண்டிவிடும். அவற்றை நகைக்கடைக்காரர் சொன்ன விலைக்கே தரலாம். வெளிநாட்டில் யாராவது கேட்டால் மட்டும் பொறுங்கள்: 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள், தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது.