செல்போனில் பணம்: பயம் எதற்கு?

ஆரியங்கோடு ஒரு மலையோரக் கிராமம். இங்கே மரச்சீனியும் வாழையும் ரப்பரும் விளைகின்றன.

மரச்சீனி விற்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். வாங்க வந்தவர், "செல்போனில் பணம் அனுப்பட்டுமா, அக்கா?" என்று கேட்கிறார். அக்காவிடம் அந்த வசதி இல்லை. வந்தவர் அடுத்த கடைக்குப் போகிறார். நட்டம் யாருக்கு?

இந்த வசதியின் பெயர் யு.பி.ஐ. 2016-ஆம் ஆண்டில் இது இந்தியாவில் வந்தது. இதன் வழியாக ஒருவரின் வங்கிக் கணக்கிலிருந்து மற்றவர் கணக்குக்குப் பணம் உடனே போகும். 2022-இல் பட்டன் போனுக்கும் இந்த வசதி வந்தது.

பிறகு ஏன் பலர் தயங்குகிறார்கள்? வீட்டில் ஒரே போன். அதுவும் மகன் கையில். எழுத்தோ சிறியது. தவறாகத் தொட்டால் காசு போய்விடுமோ என்ற பயம். பொறுமையாகச் சொல்லித் தர ஆள் இல்லை. இந்தக் கடைசித் தடைதான் பெரியது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் புல்லம்பாறை என்ற ஊர் உண்டு. அங்கே நூறு நாள் வேலை செய்தவர்கள், கூலி வந்ததா என்று பார்க்க வங்கிக்கு அலைந்தார்கள். அன்றைய வேலை கெட்டது. அதனால் 2021-இல் ஊராட்சி ஒரு திட்டம் தொடங்கியது. வேலை செய்யும் இடத்திலும் வீட்டிலும் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். முதியவர்களும் கற்றார்கள். அடுத்த ஆண்டே ஊர் முழுவதும் கற்றதாக அறிவிப்பு வந்தது. பிறகு கேரளம் முழுவதும் இப்படிச் செய்தார்கள். ஏறக்குறைய 22 லட்சம் பேர் கற்றார்கள். 2025 ஆகஸ்ட் 21-இல் மாநிலமே அந்த நிலையை அடைந்ததாக அறிவித்தார்கள்.

1991-இல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது. அன்று எழுதுகோலைப் பிடிக்கவும் கை நடுங்கியது. பழகப் பழக நடுக்கம் போனது. செல்போனும் அப்படித்தான்.

ஆனால் கவனம் வேண்டும்.

1. ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது.
2. பணம் வாங்க ரகசிய எண் தேவையில்லை. "பணம் தருகிறேன், ரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்பவன் ஏமாற்றுக்காரன்.
3. ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும்.
4. முதலில் தெரிந்தவருக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பழகலாம்.

சிந்திப்போம்:

புல்லம்பாறை மக்கள் ஏன் வங்கிக்கு அலைந்தார்கள்?

ரகசிய எண் எதற்குத் தேவையில்லை?

உங்கள் வீட்டில் யாருக்கு நீங்கள் சொல்லிக் கொடுப்பீர்கள்?