இலைகள் சிவக்கும் பாதை

கேள்வி: அக்டோபரில் நானும் கணவரும் காரில் சுற்றி, கொஞ்சம் மலையும் ஏற ஆசை. எங்கே போகலாம்?
– ஒரு வாசகி, பாஸ்டன்

பதில்: நியூ ஹாம்ப்ஷயரின் ஒயிட் மவுண்டன்ஸுக்குப் போங்கள். லிங்கனிலிருந்து கான்வே போகும் கான்கமாகஸ் சாலை சுமார் 55 கி.மீ.; இடையில் பெட்ரோல் பங்க் கிடையாது, லிங்கனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மேப்பிள் மரங்கள் செக்கச்செவேலென நிற்பதைக் காண அக்டோபர் தொடக்கமே நல்ல நேரம். முதலில் ஃபிராங்கோனியா கணவாயில் ஆர்டிஸ்ட்ஸ் பிளஃப் ஏறுங்கள். சிறிய ஏற்றம்தான், மேலிருந்து எக்கோ ஏரி முழுதாகத் தெரியும். மவுண்ட் வாஷிங்டனை மட்டும் இலேசாக எண்ணாதீர்கள். உயரம் 1,917 மீட்டர்தான். ஆனால் 1934-ல் அங்கே மணிக்கு 372 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தது. அக்டோபரிலேயே பனியும் பெய்யும். கம்பளி உடை இல்லாமல் ஏறவே வேண்டாம். இரவு லிட்டில்டனில் தங்கினால் கடைத்தெரு, ஆற்றங்கரை எல்லாம் நடந்தே பார்க்கலாம். கொலம்பஸ் தின விடுமுறையில் கூட்டம் நெரியும். வார நாட்களில் கிளம்புங்கள், அறையை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.