வாடகை வீடு: புதிதாகத் தொடங்குவோர்க்குச் சில பாடங்கள்

இல்லறத்தார்க்குப் பொருளீட்டல் விலக்கப்பட்டதன்று. ஈட்டும் நெறியே ஆராயத்தக்கது. பணிக்கொடைத் தொகையையோ நிலம் விற்ற பணத்தையோ கையில் வைத்துக்கொண்டு, "ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?" என்று வினவும் அன்பர்கள் நம்மிடையே பலர். அவர்கட்குப் பயன்படும் வண்ணம், போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரத்தில் ஒரு சிறு வீட்டை வாங்கி நாம் கற்ற பாடங்களை இங்குத் தொகுத்துரைக்கின்றோம்.

1. ஊரை அறிதல்

வீட்டைப் பார்ப்பதற்கு முன் அவ்வூரில் குடிவருவோர் யாவர் என்பதைப் பார்த்தல் வேண்டும். போடிப் பகுதியின் வாழ்வு ஏலக்காயைச் சார்ந்தது. நாள்தோறும் விடியற்காலையில் தொழிலாளர் ஜீப்புகளில் போடிமெட்டு வழியாக மலைத்தோட்டங்கட்குச் செல்கின்றனர். ஏலக்காய் விலையோ நிலையற்றது. 2019-இல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட விலை, மூன்றாண்டுகட்குள் 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. விலை வீழ்ந்தால் தோட்ட வேலை குறையும். வேலை குறைந்தால் வாடகையும் தாமதமாகும். மறுபுறம், 2012-இல் அரசு பொறியியற் கல்லூரி போடியில் தொடங்கப்பெற்றது. 2010 இறுதியில் நின்றுபோன இரயில், அகலப்பாதையாகி 2023 ஜூன் மாதம் மீண்டும் வந்தது. இத்தகைய மாற்றங்களே வாடகைக்கு வருவோரைப் பெருக்குகின்றன. ஆயினும் நகரத்திற்கு வந்த வளர்ச்சி அருகிலுள்ள சிற்றூருக்கும் உடனே வந்துவிடும் என்று கணக்கிடுதல் பிழை.

2. கணக்கை அறிதல்

எடுத்துக்காட்டாக, 20 லட்ச ரூபாய்க்கு வாங்கிய வீட்டிற்கு மாதம் 7,000 ரூபாய் வாடகை எனக் கொள்வோம். ஆண்டிற்கு 84,000 ரூபாய். குடிமாறும்போது ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 7,000 குறையும். வீட்டு வரி, வெள்ளையடித்தல், பழுதுபார்த்தல் ஆகியவற்றிற்கு 14,000 போக, எஞ்சுவது 63,000. முதலின்மேல் இது நூற்றுக்கு 3.15 மட்டுமே. இதே வீட்டை 10 லட்சம் கடன் பெற்று 9 விழுக்காடு வட்டியில் வாங்கியிருந்தால், முதலாண்டின் வட்டியே ஏறத்தாழ 90,000 ஆகும். வாடகையைக் கொண்டே கடனை அடைத்துவிடலாம் என்னும் எண்ணம் எவ்வளவு தவறானது என்பது இதனால் விளங்கும். வருமான வரிக் கணக்கில், செலுத்திய வீட்டு வரியைக் கழித்த பின் எஞ்சும் வாடகையில் நூற்றுக்கு 30 நிலையான கழிவாக அளிக்கப்படுகிறது. இதனையும் நினைவிற் கொள்க.

3. ஆவணங்களை அறிதல்

மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி இரசீது ஆகிய நான்கையும் ஒப்பிட்டுப் பாராமல் முன்பணம் தருதல் கூடாது. மனைப்பிரிவாயின் அங்கீகாரம் பெற்றதா என்பதையும் காண்க. அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் வகுக்கப்பட்ட விதிகள், 2016 அக்டோபர் 20-ஆம் நாளைக் கெடுவாகக் கொண்டவை. "பிறகு சரிசெய்து கொள்ளலாம்" என்னும் தரகர் சொல்லை நம்பிவிடலாகாது.

4. சட்டத்தை அறிதல்

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. போடி போன்ற நகர்ப்பகுதிகளில் வீடு வாங்குவோர் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது. உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும். அதனை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தலும் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது. வாடகைக்கு இரசீது தருதல் கடமை. குடியிருப்போரை வெளியேற்றும் பொருட்டு மின்சாரத்தையோ குடிநீரையோ துண்டித்தல் சட்டப்படி கூடாது. சிற்றூரில் வீடு வைத்திருப்போரும் இம்முறைகளைத் தாமே மேற்கொள்ளுதல் நன்று.

5. நாம் பிழைத்த இடம்

நம் வீட்டிற்கு முதலில் வந்த குடும்பத்தார் ஒத்திக்குக் கேட்டனர். 2 லட்ச ரூபாய் கொடுத்து மூன்றாண்டு குடியிருப்பர், வாடகை இல்லை, கெடு முடிவில் முழுத்தொகையையும் நாம் திருப்பித் தருதல் வேண்டும். ஒத்தி என்பது உண்மையில் அடமானமே என்பதையும், பத்திரம் எழுதிப் பதிவு செய்தல் வேண்டும் என்பதையும் அன்று நாம் அறியவில்லை. வெறுந்தாளில் எழுதிக் கொடுத்தோம். அப்பணத்தை நம் பணமென்றே கருதி மாடியில் ஓர் அறை கட்டினோம்.

கெடு முடிந்தது. மலைத்தோட்டத்தில் கூலி வேலை செய்து வந்த அக்குடும்பத் தலைவர், மகள் திருமணத்திற்காகப் பணம் கேட்டு வந்தார். நம் கையில் இல்லை. நகைகளை அடகு வைத்துத் தொகையைத் திரட்ட இரண்டு மாதங்கள் ஆயின. அதற்குள் அவர் வெளியில் வட்டிக்கு வாங்கித் திருமணத்தை நடத்திவிட்டார். நம்மை அவர் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. அந்த இரண்டு மாத வட்டியையும் சேர்த்துக் கொடுத்தோம். ஆயினும் அவர் நம் திண்ணையில் வாய்பேசாது அமர்ந்திருந்த காட்சி இன்றும் நெஞ்சை உறுத்துகின்றது. அன்றுமுதல் முன்பணம் எதுவாயினும் தனி வங்கிக் கணக்கில் இட்டு, அதனைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டோம். பிறர் பணம் நம் கையில் இருப்பதனாலேயே நமதாகிவிடாது.

6. அளவை அறிதல்

ஒரு வீடு கைக்கு வந்தால் மற்றொன்றின்மேல் மனம் செல்லும். இல்லறத்தார்க்குரிய பொருள் வரைதல் நோன்பின் எல்லை மீறல்களைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணும்போது, நிலத்தையும் வீட்டையுமே முதலில் வைத்திருத்தல் சிந்திக்கத்தக்கது. எத்தனை வீடு, எவ்வளவு கடன் என்பதை வாங்குமுன் குடும்பத்தாருடன் அமர்ந்து வரையறுத்துக் கொள்க. அந்த வரையறைக்குள் நின்று, கணக்கைத் தெளிந்து, குடியிருப்போரை நம்மைப் போன்ற குடும்பத்தாராக மதித்து நடத்துவோமாயின், வரும் வாடகை சிறிதேயாயினும் அது நிம்மதியான வருவாயாக அமையும்.