உப்பு ஆர்டர் ஏன் ஸ்பேமில் விழுகிறது?

கேள்வி: உப்பு கேட்டு வெளியூர் வியாபாரிகள் அனுப்பும் மெயில் அடிக்கடி ஸ்பேமுக்குப் போய்விடுகிறது. 'ஸ்பேம் அல்ல' என்று அழுத்தினால் உண்மையிலேயே பலன் உண்டா?
– ஒரு வாசகர், எக்கியார்குப்பம்

பதில்: நிச்சயம் உண்டு. தவறாமல் அழுத்துங்கள்.

ஸ்பேம் மெயிலில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது, நல்ல மெயிலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் ஸ்பேம் ஃபில்டரின் அடிப்படை. 2002-இல் கணினி நிரலாளர் பால் கிரஹாம் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த முறை பரவலானது. 'உடனே', 'சலுகை', 'அட்வான்ஸ்' ஆகியவை மோசடி மெயில்களில் மலிந்த சொற்கள். உங்கள் வியாபாரி நேர்மையாக எழுதினாலும் அவை சந்தேகத்தைக் கிளப்பும். நீங்கள் 'ஸ்பேம் அல்ல' என்றதும் அந்த மெயிலில் உள்ள 'மரக்காணம்', 'லோடு', 'டன்' எல்லாம் நல்ல பக்கக் கணக்கில் ஏறும். இன்றைய ஃபில்டர்கள் சொற்களோடு நிற்பதில்லை. அனுப்பும் முகவரிக்கு இதுவரை உள்ள நற்பெயரையும் பார்க்கின்றன. உங்கள் ஒரு அழுத்தல் முக்கியமாக உங்கள் பெட்டிக்கே உதவும். பலர் அழுத்தினால்தான் மற்றவர்களுக்கும் மாறும்.

மாறாக, 'ஸ்பேம்' என்று அழுத்தும் புகார்களுக்கு எவ்வளவு வலு என்றால், மொத்தமாக மெயில் அனுப்புவோரின் ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் விதித்திருக்கிறது. ஆகவே, நீங்களே கேட்டு வாங்கிய விலைப்பட்டியல் அலுத்துப்போனால் ஸ்பேம் என்று புகார் செய்யாதீர்கள். அனுப்பியவருக்கு அது அநியாயம். 'அன்சப்ஸ்கிரைப்' போதும்.

வியாபாரிகளின் முகவரிகளைத் தொடர்புகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிமெயில் ஸ்பேமை 30 நாளில் அழித்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள்.