யாருக்காக இந்தக் கிற்றார்?

கதைகளிலும் திரைப்படங்களிலும் வரும் சில கிற்றார்கள் தரும் பாடம்

கதாசிரியர் தமது பாத்திரத்தின் கையில் வாளைக் கொடுத்தால், சண்டை வரப்போகின்றது என்று வாசகர் அறிந்துகொள்வர். கிற்றாரைக் கொடுத்தாலோ என்ன வரும் என்று எளிதிற் சொல்லிவிட முடியாது. அதிலிருந்து தாலாட்டும் வரலாம், காதலும் வரலாம், பொய்யும் களவும் கூட வரலாம். அதனாற்றான் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நாவலாசிரியர்களும், பிற்காலத்தில் திரைப்பட இயக்குநர்களும், ஒரு மனிதனின் உள்ளத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டிய இடத்தில் இவ்வாத்தியத்தை அவன் கையிற் கொடுத்து வந்திருக்கின்றனர்.

இதற்குக் காரணம் வாத்தியத்தின் அமைப்பிலேயே இருக்கின்றது. பியானோ வசதியுள்ளவர்களின் மண்டபத்தை விட்டு அசையாது. புல்லாங்குழல் வாசிப்பவனின் வாயை அடைத்துவிடும். கிற்றாரோ தோளில் தொங்கிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும். வாயைப் பாட விடும். நெஞ்சோடு அணைத்தே அதை வாசிக்க வேண்டும். மூன்று நான்கு சுரக்கட்டுகள் பழகினாலே ஒருவன் பாட்டுக்குத் துணையாக மீட்டலாம். ஏழைக்கும் எட்டக்கூடிய வாத்தியம். ஆகவே நல்லவன் கையிலும் கெட்டவன் கையிலும் ஒருங்கே காணப்படும்.

நம் வீடுகளிலும் பிள்ளை கிற்றார் வேண்டுமென்று கேட்டால், “படிப்புக் கெட்டுவிடும்” என்று ஒரு பெற்றார் அஞ்சுவர். “மேடையேறிப் பேரெடுப்பான்” என்று இன்னொரு பெற்றார் மகிழ்வர். அச்சமும் மகிழ்ச்சியும் சரியான இடத்திலிருந்து பிறக்கின்றனவா? புகழ்பெற்ற சில கதைகளைத் துணையாகக் கொண்டு ஆராய்வோம்.

1. மயக்கும் கிற்றார்

ஸ்பானிய எழுத்தாளர் சேர்வாண்டிஸின் ‘டொன் குவிக்சோட்’ நாவலின் முதற் பாகம் 1605ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் 51ஆம் அத்தியாயத்தில் ஆட்டிடையன் ஒருவன் ஒரு துயரக் கதை சொல்கின்றான். அவனுடைய ஊரிலே லெயாந்திரா என்னும் அழகிய பெண் இருந்தாள். செல்வந்தரின் ஒரே மகள். நல்ல இளைஞர் பலர் அவளை மணக்க விரும்பினர். அப்போது படையிலிருந்து வின்சென்ட் என்பவன் ஊருக்குத் திரும்பி வந்தான். அவனிடம் இருந்தவை மூன்றே உடைகள். ஆனால் மாற்றி மாற்றி அணிந்து நிறைய வைத்திருப்பவன்போற் காட்டினான். ஊர் முற்றத்து மரத்தடியில் அமர்ந்து, செய்யாத வீரச் செயல்களையெல்லாம் அளந்தான். கிற்றாரும் மீட்டினான். அதைப் பேசவே வைக்கின்றான் என்று ஊரார் வியந்தனர்.

லெயாந்திரா மயங்கினாள், வீட்டிலிருந்த பணத்தையும் நகைகளையும் எடுத்துக்கொண்டு அவனுடன் போனாள். மூன்று நாட்களின்பின் ஒரு மலைக்குகையில் அவளைத் தனியே கண்டெடுத்தார்கள். அவன் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு மறைந்துவிட்டான். தந்தை அவளைக் கன்னியர் மடமொன்றிற் சேர்த்துவிட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சேர்வாண்டிஸ் வின்சென்டின் வாசிப்பைக் குறைகூறவில்லை. அவனிடம் திறமை இருந்தது. அந்தத் திறமைக்குப் பின்னால் அன்புதான் இல்லை. நன்றாக வாசிக்கத் தெரிந்தவன் நல்லவனாகவும் இருப்பான் என்று ஊர் முழுவதும் நம்பியதே அங்கு நேர்ந்த பிழை.

2. பெட்டிக்குள் இருப்பது என்ன?

1954ஆம் ஆண்டு அமெரிக்க இயக்குநர் நிக்கலஸ் றே எடுத்த ‘ஜோனி கிற்றார்’ படத்தில், துப்பாக்கியின்றி எவனும் நடமாடாத ஓர் ஊருக்கு முதுகிற் கிற்றாரோடு ஒருவன் வந்து சேர்கின்றான். இடுப்பில் துப்பாக்கி இல்லை. ஆனால் அவன் பெயர்பெற்ற துப்பாக்கி வீரன் என்பது பின்னரே தெரியவருகின்றது. பழைய வாழ்வை மறைக்கவும் மறக்கவும் கிற்றார் அவனுக்கு ஒரு போர்வை.

இதையே தலைகீழாக்கியது 1992இல் வெளிவந்த ‘எல் மரியாச்சி’. மரியாச்சி என்பது மெக்சிக்கோ நாட்டுப் பாடகர்களைக் குறிக்கும் சொல். இயக்குநர் றொபேட் றொட்றிகஸ் அப்போது இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இளைஞர். ஏறத்தாழ 7,000 டொலர் செலவில் மெக்சிக்கோவின் எல்லையோர ஊரொன்றிற் படத்தை எடுத்தார். புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆராய்ச்சிக்குத் தம்மை உட்படுத்திச் சம்பாதித்த பணமும் அதில் அடங்கும்.

கறுப்பு உடையணிந்த இளம் பாடகன் ஒருவன் கிற்றார்ப் பெட்டியோடு வேலை தேடி ஓர் ஊருக்கு வருகின்றான். அதே வேளையில் கறுப்பு உடையணிந்த கொலைகாரன் ஒருவனும் அதே மாதிரிப் பெட்டியோடு வருகின்றான். அவனுடைய பெட்டிக்குள் இருப்பவை ஆயுதங்கள். ஆள்மாறாட்டத்தினால் பாடகன் துரத்தப்படுகின்றான். இறுதியில் அவன் நேசித்த பெண் கொல்லப்படுகின்றாள்; அவன் கையும் சுடப்படுகின்றது. இனி அவனால் வாசிக்க முடியாது. பெட்டியில் ஆயுதங்களோடு அவன் ஊரைவிட்டுப் போகின்றான்.

கொலைக் காட்சிகள் நிறைந்த இப்படம் சிறுவர்க்கு ஏற்றதன்று. ஆனால் வளர்ந்தவர்கள் சிந்திக்க இதில் இடமுண்டு. வெளியே பெட்டி ஒன்றுதான். பாட்டு இருந்த இடத்தில் வன்மம் குடியேறிவிட்டது. பெட்டியைப் பார்த்து மனிதனை அளவிடலாகாது என்பதை ஊராரும் உணரவில்லை, கொலைகாரரும் உணரவில்லை.

3. வீட்டுக்குத் திரும்பிய பாட்டு

இனி, நம்மவர்களிற் பலர் பார்த்திருக்கக்கூடிய படம்: 1965இல் றொபேட் வைஸ் இயக்கிய ‘த சவுண்ட் ஒவ் மியூசிக்’. ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் நகரில் நொன்பேர்க் கன்னியர் மடத்தில் இருக்கும் மரியா, ஏழு பிள்ளைகளைப் பராமரிக்க ஒரு கடற்படைத் தளபதியின் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றாள். அவளுடைய ஒரு கையிற் பை. மறு கையிற் கிற்றார்.

மனைவியை இழந்த தளபதி தம் வீட்டிற் பாட்டை நிறுத்திவிட்டார். பிள்ளைகளை விசில் ஊதியே அழைக்கின்றார். அவர் கொடியவரல்லர், மனைவியின் நினைவைத் தாங்க முடியாதவர். பிள்ளைகளுக்கோ ஒரு பாட்டுக்கூடத் தெரியாது. மரியா மலைச்சாரலில் அமர்ந்து கிற்றாரை மீட்டி முதற் சுரத்திலிருந்து கற்பிக்கின்றாள். பின்னொரு நாள் அதே கிற்றாரைத் தளபதியிடம் நீட்டுகின்றாள். அவர் பிள்ளைகள் முன்னிலையில், மலைப்பூ ஒன்றைப் பற்றிய சிறிய பாட்டைப் பாடுகின்றார். நாசிகள் நாட்டைக் கைப்பற்றியபின், மேடையில் அதே பாட்டை அவர் பாடத் தொடங்கிக் குரல் தழுதழுக்க, மரியாவும் பிள்ளைகளும் மக்களும் சேர்ந்து பாடி முடிக்கின்றனர்.

அப்பாட்டைப் பழைய ஒஸ்திரிய நாட்டுப்பாடல் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது 1959இல் மேடையேறிய அமெரிக்க இசை நாடகத்துக்காக றொஜர்ஸ், ஹமர்ஸ்டைன் என்னும் இருவர் ஆக்கியது. படத்தில் குடும்பம் மலை கடந்து தப்புகின்றது. வரலாற்றில் அவர்கள் 1938இல் புகையிரதமேறி இத்தாலிக்குச் சென்றனர். ஆயினும் கதையின் மையம் மாறாது. கிற்றார் இங்கே ஒருவரின் திறமையைக் காட்ட வரவில்லை. தந்தையையும் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைக்க வந்தது.

4. அநாதைச் சிறுமிக்கு ஒரு துணை

1952இல் பிரெஞ்சு இயக்குநர் றெனே கிளெமோன் எடுத்த ‘தடைசெய்யப்பட்ட விளையாட்டுகள்’ படத்தில் கிற்றார் கண்ணுக்கன்றி, காதுக்கே கிடைக்கின்றது. 1940ஆம் ஆண்டு யூன் மாதம். அகதிகள் நிறைந்த வீதியில் ஜேர்மன் விமானங்கள் சுடுகின்றன. போலெத் என்னும் ஐந்து வயதுச் சிறுமியின் தாயும் தந்தையும் நாய்க்குட்டியும் இறந்துவிடுகின்றனர். ஒரு விவசாயக் குடும்பம் அவளை ஏற்கின்றது. அவ்வீட்டுச் சிறுவன் மிஷெல் அவளுக்குச் செபங்கள் சொல்லிக் கொடுக்கின்றான். இருவரும் இறந்த பிராணிகளுக்கு ஒரு மயானம் அமைத்து, அதற்காகக் கல்லறைகளிலிருந்து சிலுவைகளைத் திருடுகின்றனர்.

இப்படத்துக்குப் பெரிய வாத்தியக் குழு இல்லை. நார்சிசோ யேப்பஸ் என்ற ஸ்பானியக் கலைஞரின் ஒரே கிற்றார்தான் ஒலிக்கின்றது. அதன் முக்கிய மெட்டு, ஆக்கியவர் யாரென்று உறுதியாகச் சொல்ல முடியாத பழைய மெட்டு. பெரியவர்கள் யுத்தத்திலும் அயலவரோடு சண்டையிலும் மூழ்கியிருக்க, மரணத்தை விளங்கிக்கொள்ள முயலும் அப்பிள்ளைகளுக்கு அந்தத் தனிக் கிற்றாரே துணையாகின்றது. யுத்தத்தையும் இடம்பெயர்வையும் அறிந்த நம் மக்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

5. களவு போன கிற்றார்

இவை அனைத்தையும் ஒன்றுசேர்த்துச் சொல்வதுபோல் அமைந்தது, 2017இல் பிக்ஸார் நிறுவனம் வெளியிட்ட ‘கோக்கோ’ என்னும் சித்திரப்படம். 2018இல் இரண்டு ஒஸ்கார் விருதுகள் பெற்றது. கதை நடப்பது மெக்சிக்கோவில், சாந்தா செசீலியா என்னும் கற்பனை ஊரில். இசைக்கலைஞர்களின் பாதுகாவலியான புனித செசிலியாவின் பெயரை அவ்வூருக்கு வைத்திருப்பது பொருத்தமானதே.

பன்னிரண்டு வயது மிகேலின் குடும்பம் சப்பாத்துத் தைக்கும் குடும்பம். அவனுடைய பாட்டியின் பாட்டனார், பாடுவதற்காக மனைவியையும் சிறு மகளையும் விட்டுப் போனவர், திரும்பவில்லை. கைவிடப்பட்ட மனைவி சப்பாத்துத் தொழில் பழகிப் பிள்ளையை வளர்த்தாள். இசையை வீட்டிலிருந்து விரட்டினாள். தலைமுறைகள் கடந்தும் அத்தடை நீடிக்கின்றது. மிகேலோ மறைவாகத் தன் கையாலேயே ஒரு கிற்றார் செய்து வைத்திருக்கின்றான். இறந்தோர் நாளன்று அது வெளிப்படுகின்றது. பாட்டி அதை அடித்து உடைக்கின்றாள்.

பழைய குடும்பப் படமொன்றில், முகம் கிழிக்கப்பட்ட ஒரு மனிதனின் கையில் மிகேல் ஒரு கிற்றாரைக் காண்கின்றான். அது மறைந்த மாபெரும் பாடகன் எர்னெஸ்டோவின் புகழ்பெற்ற வெள்ளைக் கிற்றார். ஆகவே எர்னெஸ்டோவே தன் மூதாதை என்று முடிவுசெய்கின்றான். கல்லறை மண்டபத்திலிருந்து அதை எடுத்தவன் இறந்தோரின் உலகுக்குள் போய்விடுகின்றான்.

அங்கேதான் உண்மை வெளியாகின்றது. கிற்றார் எர்னெஸ்டோவினுடையதன்று. அது அவனுடைய தோழன் ஹெக்டரினுடையது. பாடல்களை ஆக்கியவனும் ஹெக்டரே. அவன் மகளிடம் திரும்பிப் போக எண்ணியபோது, எர்னெஸ்டோ நஞ்சு கொடுத்துக் கொன்று, கிற்றாரையும் பாடல்களையும் எடுத்துக்கொண்டான். தன் சிறு மகளை உறங்க வைக்க ஹெக்டர் மெதுவாகப் பாடிய பாட்டு, எர்னெஸ்டோவின் வாயில் விளக்குகளும் ஆட்டக்காரரும் நிறைந்த மேடைக் களியாட்டமாயிற்று. அதே சொற்கள், அதே கிற்றார். மாறியது ஒன்றே: யாருக்காகப் பாடினான் என்பது.

வீடு திரும்பிய மிகேல், நினைவிழந்து கதிரையில் அமர்ந்திருக்கும் முதுகிழவி கோக்கோவின் முன் அதே பாட்டை மெதுவாகப் பாடுகின்றான். அவளே அந்தச் சிறு மகள். அவள் விரல் அசைகின்றது; உதடு சேர்ந்து பாடுகின்றது. உடைத்த பாட்டியும் அருகில் நின்று அழுகின்றாள். சிறிய தாலாட்டு, நான்கு தலைமுறைக் கோபத்தைக் கரைத்துவிடுகின்றது.

மறக்கப்பட்ட இறந்தோர் அழிந்துபோவர் என்று இப்படம் காட்டுவது கற்பனை. நமது விசுவாசம் அதுவன்று. மனிதர் மறந்தாலும் இறைவன் எவரையும் மறப்பதில்லை. ஆயினும் இறந்தோரை நன்றியோடு நினைப்பது குடும்பத்தின் கடமை என்பதில் படம் நம்மோடு ஒத்துப்போகின்றது.

பெற்றார்க்கு ஒரு வார்த்தை

இரண்டு வீடுகளைக் கண்டோம்: தளபதியின் வீடு, சப்பாத்துக்காரர் வீடு. இரண்டிலும் பாட்டைத் தடுத்தவர்கள் தீயவர்களல்லர், காயப்பட்டவர்கள். காயம் நியாயமானது. ஆனால் அதற்குரிய தண்டனையைக் காயப்படுத்தாத பிள்ளைகள் அனுபவித்தனர்.

உடைப்பதைப் பற்றி உண்மையாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2015இல் வெளிவந்த ‘த ஹேட்புல் எயிற்’ படத்துக்காக, அமெரிக்காவின் மார்ட்டின் கிற்றார் நிறுவனம் தன் அரும்பொருட்சாலையிலிருந்து 1870களைச் சேர்ந்த கிற்றாரொன்றை இரவல் கொடுத்திருந்தது. உடைக்கும் காட்சிக்குப் பிரதிகள் தயாராக இருந்தன. ஆனால் மாற்றிவைக்கு முன்பே, அறியாத நடிகர் அசலையே பறித்து அடித்து நொறுக்கிவிட்டார். எதிரே இருந்த நடிகையின் அதிர்ச்சி நடிப்பன்று. அதுவே படத்தில் இடம்பெற்றது. கோபத்தின் இயல்பு இதுதான். கையிலிருப்பது அசலா பிரதியா என்று அது கேட்பதில்லை. பிள்ளையின் ஆர்வமும் அப்படியே. நொறுக்கியபின் ஒட்ட முடியாது.

ஆகவே அஞ்சும் பெற்றார்க்கும் மகிழும் பெற்றார்க்கும் ஒரே கேள்விதான். “எவ்வளவு நன்றாக வாசிக்கின்றான்?” என்பதற்கு முன், “யாருக்காக வாசிக்கின்றான்?” என்று கேளுங்கள். வின்சென்டும் எர்னெஸ்டோவும் தமக்காகவே வாசித்தனர். மரியா தன்னுடையதல்லாத பிள்ளைகளுக்காக வாசித்தாள். ஹெக்டர் ஒரே ஒரு சிறுமிக்காக வாசித்தான். பிள்ளை வாத்தியம் கேட்டால், முதற் பாட்டை வீட்டிலுள்ள மூத்தவருக்காகப் பாடும்படி சொல்லுங்கள். பாடும்போது நீங்களும் அருகில் இருங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டில் பழைய மனவருத்தம் ஒன்றின் காரணமாக இன்றும் தடைப்பட்டிருப்பது எது? அதன் காரணத்தைப் பிள்ளைகள் அறிவார்களா?

2. திறமையைக் கண்டு மனிதரை நம்பி ஏமாந்ததுண்டா? வேறு எதைக் கவனித்திருக்க வேண்டும்?

3. நம் குடும்பத்தில் முதியவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த பழைய பாட்டு எது? இவ்வாரம் அதை யார் கேட்டுப் பழகப்போகின்றீர்கள்?